பாதியில் தூங்கிப் போனால் பாவமா?

ராத்திரி பத்தரை மணி. பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாயிற்று. பாலை உறை ஊற்றியாயிற்று. கேஸை மூடியாயிற்று. வாசல் கதவை ஒரு தரத்துக்கு இரண்டு தரமாக இழுத்துப் பார்த்தும் ஆயிற்று. 'அப்பாடா...' என்று தலையணையில் தலையைச் சாய்க்கிறீர்கள்.

தூக்கம் வருகிறதா? அதுதான் இல்லை! பகலெல்லாம் எங்கேயோ ஒளிந்து கொண்டிருந்த கவலைகள் ஒவ்வொன்றாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கொள்கின்றன. பெண்ணுக்கு வரன் இன்னும் குதிரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பையன் போன் பண்ணி நாலு நாளாயிற்று. மத்தியானம் மாமியார் சொன்ன ஒரு வார்த்தை இப்போதுதான் சுருக்கென்று குத்துகிறது.

உடனே கை எதைத் தேடுகிறது? முன்பெல்லாம் தலைமாட்டில் டேப்ரிக்கார்டர் இருக்கும். 'டக்' என்று அமுக்கினால் கந்த சஷ்டி கவசமோ, சஹஸ்ரநாமமோ கிளம்பும். இப்போது அந்த இடத்தில் செல்போன். விரலால் ஒரு தட்டு... எம்.எஸ். அம்மாவின் குரல் அறைக்குள் வந்துவிடுகிறது. நாலு ஸ்லோகம் போவதற்குள் கண் சொக்குகிறது.

காலையில் எழுந்ததும் ஒரு சின்ன உறுத்தல். 'அடடா, நேற்றும் பாதியிலேயே தூங்கிவிட்டோமே! பகவான் நாமத்தைப் படுத்துக்கொண்டு கேட்கலாமா? அதுவும் கேட்கும்போதே தூங்கலாமா? அபசாரம் இல்லையா?'

உங்களில் எத்தனையோ பேருக்கு இந்தக் கேள்வி மனசுக்குள் உண்டு. வாய்விட்டுக் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். என்னிடம் ஒருவர் கேட்டார். கேட்ட அன்று நான் சொன்ன பதில் சரியில்லை. அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில் விஷ்ணு சஹஸ்ரநாமம் பற்றி ஏழு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எல்லோரும் பிரசாதம் வாங்கிக்கொண்டு போன பிறகு, ஓர் அம்மாள் தூணோரமாக நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். "மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டேளே?" என்று ஆரம்பித்தார்.

அவருடைய கணவர் காலமாகி ஒன்றரை வருஷமாம். பிள்ளைகள் வெளியூரில். ராத்திரி ஆனால் வீடு 'விர்'ரென்று இருக்குமாம். "அவர் இருந்தப்போ குறட்டை விடறார்னு சண்டை போடுவேன் மாமா. இப்போ அந்தச் சத்தம் இல்லாம தூங்க முடியலை" என்றார். அதனால் ராத்திரி தலைமாட்டில் சஹஸ்ரநாமத்தைப் போட்டுக்கொள்வார். முந்நூறு நாமம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். பலஸ்ருதியை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "படுத்துண்டா கேட்கறே? பாதியிலே தூங்கினா பாவமாச்சே! முழுசாக் கேட்காட்டா பலனே இல்லை, தெரியுமோ?" என்று சொல்லியிருக்கிறார். அன்றோடு நிறுத்திவிட்டார் இந்த அம்மாள். அதற்கப்புறம் பதினோரு ராத்திரியாகச் சரியான தூக்கமே இல்லை. கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமோ? வீட்டுக்குக் கிளம்பும் அவசரம் எனக்கு. "உட்கார்ந்து முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் படுத்துக்கோங்கோ. அரை மணி நேரம்தானே!" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாஸ்திரப்படி பார்த்தால் நான் சொன்னதில் குற்றம் இல்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை! புரண்டு புரண்டு படுத்தேன். 'அடேய், மூன்று நாளாகச் சஹஸ்ரநாமம் சொல்கிறாயே... அதைச் சொன்னவர் எப்படி இருந்துகொண்டு சொன்னார் என்று யோசித்தாயா?' என்று உள்ளே யாரோ கேட்ட மாதிரி இருந்தது.

யார் சொன்னது சஹஸ்ரநாமம்? பீஷ்மர். எங்கே இருந்துகொண்டு? சிம்மாசனத்திலா? தர்ப்பாசனத்திலா? படுக்கையில், சகோதரிகளே! அம்புப் படுக்கையில்!

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்களேன். போர்க்களத்தில் பீஷ்மர் சாய்ந்தபோது உடம்பெல்லாம் அம்பு. தலை மட்டும் தொங்குகிறது. "எனக்கு ஒரு தலையணை வேண்டும்" என்கிறார். ராஜாக்கள் ஓடிப்போய் மெத்தென்ற தலையணைகளைக் கொண்டு வருகிறார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. அர்ஜுனனைப் பார்க்கிறார். அவனுக்குப் புரிந்துவிடுகிறது. மூன்று அம்புகளை எய்து, தாத்தாவின் தலைக்கு அண்டை கொடுக்கிறான். 'இதுதான் எனக்கேற்ற தலையணை' என்று மகிழ்கிறார் பீஷ்மர். அந்தப் படுக்கையில் அவர் கழித்தவை 58 இரவுகள். உத்தராயணம் வரட்டும் என்று உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்த இரவுகள். உபதேசம் ஆரம்பிக்கும் முன், அவருடைய வலியையும் களைப்பையும் பசியையும் கண்ணன் அருளால் போக்கினான் என்று பாரதம் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் தர்மபுத்திரர் கேட்கக் கேட்க, அவர் வாயிலிருந்து தர்மங்கள் வருகின்றன. அவற்றின் நடுவே ஆயிரம் நாமங்களும் வருகின்றன.

சொன்னவரே படுத்துக்கொண்டுதான் சொன்னார். எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் சாட்சாத் அந்த ஆயிரம் பெயர்களுக்கும் உடையவன். "எழுந்து உட்கார்ந்து சொல்லும்" என்று அவன் சொன்னானா? இல்லையே!

'ஸ்வாமி, அது சொன்னவர் கதை. கேட்டவர் தூங்கவில்லையே?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தர்மபுத்திரர் தூங்கவில்லை. ஆனால் தூங்குவதற்காகவே பகவத் கதை கேட்டவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

கோகுலத்துக்குப் போவோம், வாருங்கள்.

ராத்திரி நேரம். குழந்தை கண்ணன் தூங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். எந்த வீட்டில்தான் இது இல்லை! யசோதை மடியில் போட்டுக்கொண்டு கதை சொல்கிறாள். என்ன கதை? ராமாயணம். "ராமன்னு ஒருத்தன் இருந்தான்..." என்கிறாள். "உம்" என்கிறான் கண்ணன். "அவனுக்கு சீதைன்னு பெண்டாட்டி..." "உம்!" அப்பா சொல்லைக் கேட்டுக் காட்டுக்குப் போனார்கள். "உம்..." கண் செருகுகிறது. 'உம்' சின்னதாகிறது. "அங்கே ராவணன் வந்து சீதையைத் தூக்கிக்கொண்டு போனான்" என்று யசோதை சொன்னாளோ இல்லையோ... மடியில் கிடந்த குழந்தை துள்ளி எழுந்து, "லக்ஷ்மணா! எங்கே என் வில்?" என்று கத்துகிறது! யசோதை வெலவெலத்துப் போய்விட்டாள்.

லீலாசுகர் 'ஸ்ரீகிருஷ்ண கர்ணாம்ருத'த்தில் காட்டும் காட்சி இது. உபன்யாசத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டிமார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரிதான் ஒன்று உறைத்தது. யசோதை ராமாயணம் சொன்னது குழந்தைக்கு ஞானம் வரவா? இல்லை. தூங்க வைக்க! பகவானைத் தூங்கப் பண்ண பகவானுடைய கதையையே மருந்தாகக் கொடுத்திருக்கிறாள். பாதியில் தூங்கிப் போனால் பாவம் என்று அவள் நினைத்தாளா என்ன?

சொல்லப் போனால், நம் ஆழ்வார்களே இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார்கள். பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். குலசேகர ஆழ்வார், சேர நாட்டு ராஜா, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திருக்கண்ணபுரத்து ராமனுக்குத் தாலாட்டுப் பாடினார். 'தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி ஓசை எழுப்பிப் பாடுவதால் தாலாட்டு. உலகத்தில் நாம் ஒவ்வொருவரும் தூங்குவதற்காகக் கேட்ட முதல் ஒலி அதுதானே! அம்மாவின் தாலாட்டை நாம் யாராவது கடைசி அடி வரை கேட்டிருப்போமா? கேட்டுவிட்டால் அம்மா தோற்றுப் போனாள் என்றல்லவா அர்த்தம்!

கோயில்களிலும் பாருங்கள். சுவாமியை எழுப்பச் சுப்ரபாதம், திருப்பள்ளியெழுச்சி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். விடியற்காலை தரிசனத்துக்கு வரிசை கட்டி நிற்கிறோம். தூங்க வைப்பதற்கும் பாட்டு உண்டு. அதைப் பார்க்கிறவர்கள் குறைவு, ராத்திரி நேரமாகி விடுவதால்.

திருமலையில் நாளின் கடைசி சேவை ஏகாந்த சேவை. சயன மண்டபத்தில் சங்கிலிகளில் தொங்கும் கட்டிலில் போக ஸ்ரீநிவாச மூர்த்தியை எழுந்தருளப் பண்ணுகிறார்கள். பாலும் பழமும் நிவேதனமாகின்றன. அப்போது தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் வம்சத்தில் வந்தவர் ஒருவர் தாலாட்டுப் பாடுகிறார். அன்னமய்யாவின் காலம் 1408 முதல் 1503 வரை. அவர் பாடி வைத்தது ஐந்நூறு வருஷம் கழித்தும் வேங்கடவனுக்கு இன்னும் தேவைப்படுகிறது! மார்கழியில் மட்டும் போக ஸ்ரீநிவாசருக்குப் பதிலாகக் கிருஷ்ணர் அந்தக் கட்டிலில் சயனிக்கிறார். காலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிக்கும் மாதம் அல்லவா அது! ஆண்டாளின் மாதத்தில் கண்ணன்தான் அங்கே தூங்க வேண்டும்.

மதுரையில் சொக்கநாதப் பெருமானின் திருப்பாதுகைகள் இரவில் பல்லக்கில் ஏறி, மேளதாளத்தோடு மீனாட்சியம்மன் பள்ளியறைக்குப் போகின்றன. ஒரு முறையாவது இருந்து பார்த்துவிட்டு வாருங்கள். பகல் கூட்டத்தில் கிடைக்காத ஓர் அமைதி அந்த அரை மணியில் கிடைக்கும். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின்போது, நம்பெருமாள் ஆஸ்தானம் திரும்பும் ராத்திரி வேளையில் வீணை வாசிப்பார்கள். 'வீணை ஏகாந்தம்' என்று பெயர். அந்த வீணை நாதத்தைக் கேட்கவே கண் விழிக்கும் பக்தர்கள் உண்டு. தியாகராஜ ஸ்வாமிகள் தம் உத்ஸவ சம்பிரதாயக் கீர்த்தனங்களில் ராமனுக்கு ஊஞ்சல், லாலி எல்லாம் பாடி வைத்திருக்கிறார். ஊஞ்சல் பாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட ராகம் நீலாம்பரி. உங்கள் பாட்டியும் தூளியை ஆட்டிக்கொண்டே, ராகத்தின் பெயர் தெரியாமலே, அதைத்தான் பாடியிருப்பார்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். சபரிமலையைச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது.

இரவு நடை சாத்தும் நேரம். 'ஹரிவராஸனம்' ஆரம்பமாகிறது. எட்டுப் பத்திகள் கொண்ட அஷ்டகம். பாட்டு நடக்க நடக்கக் கர்ப்பக்கிருகத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாகக் குளிர்கின்றன. பாட்டு முடியும்போது மேல்சாந்தி நடையைச் சாத்துகிறார். மாலை போட்டுப் போன உங்கள் வீட்டுக்காரரையோ பிள்ளையையோ கேட்டுப் பாருங்கள். மலை ஏறிய களைப்பெல்லாம் அந்தச் சில நிமிஷத்தில் இறங்கிவிட்டது என்பார்கள். அங்கே ஒலிபெருக்கியில் வருவது யாருடைய குரல்? கே.ஜே. யேசுதாஸ் அவர்களின் குரல். 1975-ஆம் வருஷம் வந்த 'சுவாமி ஐயப்பன்' படத்துக்காக, ஜி. தேவராஜன் இசையில், மத்யமாவதி ராகத்தில் பாடியது. கச்சேரிகளை மத்யமாவதியில் மங்களமாக முடிப்பது நம் மரபு. நாளை முடிப்பதற்கும் அதுவே அமைந்தது பாருங்கள்!

இப்போது சொல்லுங்கள். அந்த ஹரிஹரபுத்திரனே ஒலிப்பதிவில் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டு உறங்குகிறான். நம் மயிலாப்பூர் அம்மாளுக்கு மட்டும் அது கூடாதா?

அந்த உறவுக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மனசில் அபிமன்யு கதை இருந்திருக்கும். நம் வீடுகளில் சொல்வார்களே, வயிற்றில் பிள்ளையோடு இருந்த சுபத்ரைக்கு சக்ரவியூகத்தைப் பற்றிச் சொல்லும்போது அவள் பாதியில் தூங்கிவிட்டாள், உள்ளே போகும் வழியைக் கேட்ட குழந்தைக்கு வெளியே வரும் வழி கிடைக்காமல் போயிற்று என்று. வியாச பாரதத்தில் அபிமன்யு, 'உள்ளே புக என் தந்தை கற்றுக் கொடுத்தார், ஆபத்து வந்தால் வெளியேறத் தெரியாது' என்று மட்டும்தான் சொல்கிறான். தூங்கிய கதை வழிவழியாகச் சொல்லி வந்தது. போகட்டும், அதையே நிஜம் என்று வைத்துக்கொள்வோம். சக்ரவியூகம் ஒரு வித்தை. வித்தையைப் பாதி தெரிந்துகொண்டால் ஆபத்துதான். சமையல் குறிப்பைப் பாதி கேட்டுவிட்டு அடுப்பு மூட்டினால் குழம்பு என்ன ஆகும்! ஆனால் நாமம் வித்தையா? அம்மா கூப்பிடும் குரலைப் பாதி கேட்டால் என்ன கெட்டுப் போய்விடும்?

கர்ப்பத்தில் கேட்ட இன்னொரு குழந்தையும் உண்டே! பிரகலாதன். நாரதர் கயாதுவுக்கு உபதேசம் பண்ணினார். காலப்போக்கில் தாய்க்கு மறந்து போயிற்று, எனக்கு மறக்கவில்லை என்று அவனே தன் தோழர்களுக்குச் சொல்கிறான் பாகவதத்தில். கேட்டவளுக்கே தங்காத நாமம், உள்ளே சுருண்டு கிடந்த குழந்தைக்குத் தங்கியது. யார் காதில் எது போய் எங்கே தங்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

என் தாயார் கடைசி நாட்களில் பேச்சு நின்று படுக்கையில் இருந்தபோது, ராத்திரி முழுக்க அவள் அருகில் யாராவது இருப்போம். சின்னதாக அபிராமி அந்தாதி ஓடிக்கொண்டிருக்கும். 'நன்றாகத் தூங்குகிறாளே, பாவம், எதற்கு இரைச்சல்' என்று அணைப்போம். அணைத்த மறு நிமிஷம் கண்ணைத் திறந்து பார்ப்பாள்! மறுபடி போட்டால் மூடிக்கொள்வாள். காது தூங்குவதில்லை என்று எனக்குப் புரிய வைத்தது அவள்தான்.

இதை விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள். தூங்குகிறவரிடம் பல பெயர்களைச் சொன்னால், அவருடைய சொந்தப் பெயர் வரும்போது மூளையில் தனியாக ஒரு சலனம் தெரிகிறதாம். உங்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். பிள்ளை பெற்றவர்கள் நீங்கள். தெருவில் லாரி போனாலும் விழிக்காதவள், பக்கத்தில் குழந்தை லேசாகச் சிணுங்கினால் எழுந்துவிடுவதில்லையா?

சரி, இந்தத் தூக்கம் என்பதுதான் என்ன? தேவி மாஹாத்மியத்தில், எல்லா உயிர்களிடத்தும் நித்திரை வடிவாக இருப்பவளும் நீயே என்று தேவர்கள் அம்பாளைத் துதிக்கிறார்கள். மஹாவிஷ்ணுவின் கண்ணில் யோக நித்திரையாக அமர்ந்திருந்தவளும் அவள்தான். மது, கைடபர் என்ற அசுரர்கள் வந்தபோது பிரம்மா அவளைத்தான் வேண்டிக்கொள்கிறார். அவள் விலகிய பிறகுதான் பெருமாள் எழுந்திருக்கிறார். ஆகையால் ராத்திரி கண்ணைச் சுழற்றிக்கொண்டு வருகிறாளே, அவளும் அம்பாள்தான்! அவள் வந்து தொட்டதும் நாமத்தை விட்டுவிட்டோமே என்று வருத்தப்படுவானேன்? ஒரு சந்நிதியிலிருந்து இன்னொரு சந்நிதிக்குப் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வள்ளுவர் சாவைத் தூக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிட்டார். பெரியாழ்வார், 'கடைசி நேரத்தில் உன்னை நினைக்க முடியாமல் போகலாம், அதனால் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்' என்று அரங்கனிடம் சொல்லிக்கொண்டார். இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நாமத்தைக் கேட்டுக்கொண்டே தினமும் தூங்கிப் போவது எவ்வளவு நல்ல பழக்கம்!

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் படுக்கையில் போடலாம் என்று எடுத்துக்கொண்டு விடாதீர்கள். ருத்ரம், சமகம், சூக்தங்கள் போன்ற வேத மந்திரங்களுக்கு ஸ்வரம் உண்டு, ஆசாரம் உண்டு. குருவிடம் உபதேசம் பெற்ற மந்திரத்துக்கும் நியமம் உண்டு. அவற்றைக் குளித்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். சஹஸ்ரநாமத்தையே பாராயணமாகச் சங்கல்பம் செய்துகொண்டு சொன்னால், அதற்கும் உட்கார்ந்து முழுசாகச் சொல்வதுதான் முறை. அன்று நான் சொன்ன பதில் அதற்குப் பொருந்தும். வெறுமே நாமத்தைக் கேட்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தடுக்கி விழும்போது வாயில் வந்தால்கூட நாமம் காப்பாற்றும் என்று அஜாமிளன் கதையில் பாகவதம் சொல்கிறது. தூக்கத்தில் தடுக்கி விழுகிறவர்களுக்குப் பொருந்தாதா என்ன!

எதைப் போடலாம்? பயந்து பயந்து எழுந்திருக்கும் குழந்தைகளுக்குக் கந்த சஷ்டி கவசம் நல்லது. தலை, கண், காது என்று ஒவ்வோர் அங்கமாக வேலைக் காவலுக்குக் கூப்பிடுகிறார் தேவராய ஸ்வாமிகள். சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் கேட்டே வளர்ந்த தலைமுறை நாம். கெட்ட கனவு வருகிறது என்பவர்கள், ராமன், கந்தன், அனுமன், கருடன், பீமன் என்று ஐந்து பேரைப் படுக்கும்போது நினைக்கச் சொல்லும் சின்ன ஸ்லோகத்தைப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அபிராமி அந்தாதியில் ஒரு சௌகரியம். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் ஆரம்பம். எங்கே தூங்கிப் போனாலும் நூல் அறாது!

எப்படிப் போடுவது என்பதற்கும் கோயிலையே பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியறைப் பாட்டு முடிந்ததும் என்ன நடக்கிறது? விளக்கு அணைகிறது, கதவு சாத்தப்படுகிறது, அப்புறம் நிசப்தம். விடிய விடியப் பாடுவதில்லை. நீங்களும் விடிய விடிய ஓட விடாதீர்கள். தூங்கிய பிறகும் சத்தம் இருந்துகொண்டே இருந்தால் உறக்கம் ஆழமாகாது என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். அரை மணியில் தானாக நிற்கும்படி போனில் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வைக்கத் தெரியாவிட்டால் பேரனைக் கூப்பிடுங்கள், ஒரு நிமிஷ வேலை அவனுக்கு. போன் தலையணைக்குக் கீழே வேண்டாம், எட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். அடுத்த அறையில் யாரோ பாராயணம் பண்ணுகிற அளவு சத்தம் போதும். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்குவதும் வேண்டாம். இன்னொன்று, பாட்டை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லலிதா சஹஸ்ரநாமத்தின் நடுவே 'வீட்டுக் கடன் வேண்டுமா?' என்று ஒருவன் வந்து கத்துவான். என் வீட்டில் நடந்தது இது! அம்பாளின் திருவடி வர்ணனையில் இருந்தவன் பதறி எழுந்து உட்கார்ந்தேன்.

பக்கத்தில் படுத்திருப்பவர் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவராகவோ, மறுநாள் பரீட்சைக்குப் போகும் பிள்ளையாகவோ இருந்தால், அன்றைக்குப் பாட்டை மனசுக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் டாக்டரையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். பகவான் டாக்டர் ரூபத்திலும் வருவான்.

மயிலாப்பூருக்கு வருகிறேன். மறுநாள் மேடையில் ஏறியதும் கண் அந்த அம்மாளைத்தான் தேடியது. கடைசி வரிசையில் இருந்தார். அவர் பெயரையோ கேள்வியையோ சொல்லாமல், பீஷ்மரின் தலையணையிலிருந்து ஆரம்பித்தேன். யசோதை, அன்னமய்யா, ஹரிவராஸனம் என்று அன்று முழுக்க இதேதான். ஐந்தாவது நாமத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியது அப்படியே நின்று போயிற்று. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. முடிந்து இறங்கியபோது, வேறு நாலைந்து பேர் சுற்றிக்கொண்டு, "எங்காத்திலேயும் இப்படித்தான் மாமா" என்றார்கள்.

ஏழாம் நாள் பட்டாபிஷேகப் பிரசாதம் வாங்கிக்கொள்ளும்போது அந்த அம்மாள் கிட்டே வந்தார். கருவளையம் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. "எங்கே தூங்கினேன்னே தெரியலை மாமா. நேத்து இருநூறுகூடத் தாண்டலை போலிருக்கு" என்றார். குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. கொஞ்சம் நின்றுவிட்டு, "ஆனா பலஸ்ருதியை மட்டும் இன்னும் கேட்கவே இல்லை. அதுக்கு என்ன பண்றது?" என்றார்.

பலஸ்ருதியிலேயே அதற்குப் பதில் இருக்கிறது என்றேன். பார்வதி பரமேஸ்வரனிடம், இந்த ஆயிரம் நாமத்தையும் தினமும் சுலபமாகச் சொல்ல வழி உண்டா என்று கேட்கிறாள். ராம நாமம் ஒன்றே அந்த ஆயிரத்துக்குச் சமம் என்கிறார் ஈஸ்வரன். "அதனாலே ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி 'ராமா'ன்னு ஒரு தடவை சொல்லிட்டாப் போறும். பலஸ்ருதியைக் காலையிலே டிகாக்ஷன் இறங்கறச்சே போட்டுக் கேளுங்கோ" என்றேன்.

"நன்னா சொன்னேள் போங்கோ! அதிலே லயிச்சு நின்னா பால் பொங்கிடுமே!" என்று சிரித்துக்கொண்டே, சுண்டல் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.